செல்போன் அதிர்ந்தால் போதுமா? குமரி மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

2023 அக்டோபர் 20. தமிழ்நாட்டில் ஏராளமான செல்போன்கள் திடீரென அலறின, அதிர்ந்தன. பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை ஓட்டம் அது. கரையில் சரி. ஒக்கி புயலில் உறவுகளைப் பறிகொடுத்த கன்னியாகுமரி மாவட்டத்தின் கேள்வியே வேறு: நடுக்கடலில் இது வேலை செய்யுமா?

இது எப்படி வேலை செய்கிறது?

பெயர் ‘செல் பிராட்காஸ்ட்’. எஸ்.எம்.எஸ். மாதிரி ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகப் போகாது. ஆபத்துள்ள பகுதியின் டவர்களிலிருந்து, அங்கே சிக்னலில் இருக்கும் போன்களுக்கு மொத்தமாகப் போகும். கூடவே ஒலி, அதிர்வு. தொடு உணர்வு மூலம் தகவல் சொல்லும் இந்த முறைதான் ‘ஹாப்டிக்’. காது கேளாதவர்களுக்கு அதிர்வுதான் அலாரம்.

கடலில் என்ன சிக்கல்?

முதலில், டவர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். அங்கே சிக்னல் கிடையாது. 2017 நவம்பர் 30 காலையில்தான் ஒக்கி புயலாக வலுத்தது. பல நாள் முன்பே கிளம்பிய படகுகளுக்குக் கரையிலிருந்து தகவல் சொல்ல முடியாமல் போனது.

அடுத்தது, இன்ஜின். அதிர்வை அதிர்வே மறைக்கும். படகே உடம்பை உலுக்கும்போது, பாக்கெட்டில் போன் துடிப்பது தெரியாமல் போகலாம். ஈரத்துக்குப் பயந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஓரமாக வைத்த போன் என்றால் கேட்கவே வேண்டாம்.

மாற்று வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் 2019-ல் ‘ஜெமினி’ கருவியைக் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில், 1 லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது. இவை செயற்கைக்கோள் மூலம் இயங்குபவை, டவர் தேவையில்லை. ஆனால் கருவிக்கு வரும் செய்தி புளூடூத் வழியாகப் போனில் உள்ள செயலிக்குத்தான் போகிறது. அப்போ, கடைசியில் மீனவரை எழுப்ப வேண்டியது மறுபடியும் அதே போன்தான்.

எப்படி மதிப்பிட வேண்டும்?

‘இத்தனை லட்சம் பேருக்கு அனுப்பினோம்’ என்பது மதிப்பெண் ஆகாது. எத்தனை நிமிடத்தில் வந்தது? இன்ஜின் ஓடும்போது எத்தனை பேர் உணர்ந்தார்கள்? தூக்கத்தில் இருந்தவர் விழித்தாரா? படித்ததும், படகை எந்தப் பக்கம் திருப்புவது என்று புரிந்ததா?

இதற்கெல்லாம் கரையில் பதில் கிடைக்காது. தேங்காப்பட்டணத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ கிளம்பி, ஓடும் படகில் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.