விடுதலைப் பத்திரம்

மார்ச் 8 வந்தால் நான் வேலை பார்க்கும் வங்கியில் பெண் ஊழியர்களுக்கு ரோஜாப்பூ, கேக், கோலப்போட்டி. கூட்டிப் பெருக்குற அக்கா அன்றைக்கும் கேக் சிந்திய தரையைத்தான் துடைக்கிறார். இதைச் சொல்லி நாம் சிரிக்கலாம். நம்ம வீட்டுக் கதை என்ன?

மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்றார் அம்பேத்கர். அந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முடக்கியதும் ஒரு காரணமாகத்தான் 1951இல் அமைச்சர் பதவியை உதறினார். 2005 திருத்தம் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு தந்தது. சட்டம் வந்தது. நம்ம தெருவுக்குள் வந்ததா?

அப்பாவும் அம்மாவும் போனபிறகு, மூணு சென்ட் வீட்டுமனைக்காகத் தங்கச்சியைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். "எங்கண்ணே போடணும்?" என்றாள். படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரமே பெண் விடுதலை பற்றிக் கவிதையும் எழுதினேன். பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தப் பத்திரத்துக்குப் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. நம் துண்டறிக்கையில் இருக்கிற அதே சொல், தோழர்களே!

பறிபோன பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடுகிற நாம், கூடப் பிறந்தவளின் ஒண்ணரை சென்ட்டை அமுக்கலாமா?

இந்த மார்ச் 8க்குப் பூ வேண்டாம், கவிதையும் வேண்டாம். அவள் பங்கை அவள் பேருக்கே எழுதிக் கொடுக்கப் போகிறேன். நீங்கள்?