கொல்லைக் கொட்டகைக்கு வைஃபை

விஞ்ஞான சாதனம் ஒன்று எளிதில் கிடைக்கத் தொடங்கியதும், அதன் தத்துவத்தை ஆராயாமல் வாங்கிச் சேர்க்கும் வழக்கமும் உடன் தோன்றிவிடுகிறது. வீடுகளில் இன்று பரவிவரும் மெஷ் வைஃபை இதற்குத் தக்க சான்று.

ஊழியர் குடியிருப்பு ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். வீட்டிலிருந்து 40 மீட்டர் தொலைவில், முற்றத்துக்கு அப்பால், தகரத்தால் அடைத்த கொட்டகை ஒன்று இருக்கிறது. பகலில் அங்கே களப் பதிவேடுகள் எழுதப்படுகின்றன. மாலையில் சிறுவர்களுக்குப் பாடம் நடைபெறுகிறது. வீட்டினுள் மூன்று மெஷ் கருவிகள் செவ்வனே இயங்குகின்றன. கொட்டகையிலோ பாடப் படம் பாதியில் நின்றுவிடுகிறது. பதிவேடு தலைமையகத்தைச் சென்றடைவதில்லை. உடனே நான்காவது கருவி ஒன்றை வாங்கிக் கொட்டகையில் வைக்கின்றனர். கைப்பேசியில் கோடுகள் அனைத்தும் நிறைந்து தோன்றுகின்றன. ஆயினும் படம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

காரணம் எளிது. அக்கோடுகள் கைப்பேசிக்கும் அருகிலுள்ள கருவிக்கும் இடைப்பட்ட தொடர்பையே காட்டுகின்றன. அக்கருவிக்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்பதை அவை கூறுவதில்லை. கடைமடையில் வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும், தலைமடையிலிருந்து வருகின்ற நீரே அங்கே பாயும்.

1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக் கொண்டு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அலை சுவரைக் கடக்கும் என்பது உண்மை. இழப்பின்றிக் கடக்கும் என்பது உண்மையன்று. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். பொதுவாகப் பின்னது சுவரில் மிகுதியாக வலுவிழக்கிறது. தகரமோ இரண்டையும் பெரும்பாலும் திருப்பியனுப்பிவிடுகிறது. அன்றியும், ஒரே அலைவரிசையில் கேட்கவும் பேசவும் வேண்டிய கருவி, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. ஆகவே அத்தகைய தாவல் ஒவ்வொன்றிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

எனவே, கருவிகளைப் பெருக்குவதை விடுத்து, வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே கேபிள் பதிப்பதே முறை என்பது எமது கருத்து. பெரும்பாலான மெஷ் கருவிகள் கேபிள் இணைப்பையும் ஏற்கும். அவ்வாறு இணைத்தால் கொட்டகையிலுள்ள கருவி தன் அலை முழுவதையும் அங்குள்ளோர்க்கே செலவிடலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். செலவு குறைவு என்று எண்ணிப் பலர் சாதாரணத் தாமிரக் கேபிளை மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடுகின்றனர். அதன் வரம்பு 100 மீட்டராதலால் வேலை நடக்கும் என்பது மெய்யே. எனினும், அருகில் இடி விழுமாயின், தனித்தனியே பூமி இணைப்புக் கொண்ட இரு கட்டடங்களுக்கிடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு எழுகிறது. அது தாமிரத்தின் வழியே பாய்ந்து இருபுறத்துக் கருவிகளையும் அழிக்கக்கூடும். கருவியைத் தொட்டிருக்கும் சிறுவனுக்கும் தீங்கு நேரலாம். நம் நாட்டில் ஆண்டுதோறும் இடி தாக்கி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாளும் நிலையில், இதனை அற்பமென்று தள்ளுதல் தகாது. கண்ணாடி இழைக் கேபிள் ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. உலோக உறையற்ற வகையைத் தேர்ந்து, குழாயினுள் செலுத்தி மண்ணில் புதைத்து, இரு முனைகளிலும் மீடியா கன்வெர்ட்டர் பொருத்தினால் போதும்.

பள்ளம் தோண்ட இயலாத இடங்களும் உண்டு. அங்கே ஒன்றையொன்று நேர்நோக்கும் இரு திசை ஆன்டெனாக்களைக் கட்டடங்களின் வெளிச்சுவரில் அமைக்கலாம். இடையில் மரக்கிளை குறுக்கிடலாகாது. அதற்கும் வசதியில்லையெனில், மெஷ் கருவியைக் கொட்டகையில் வையாமல், கொட்டகையை நோக்கும் வீட்டுச் சன்னலருகே வைத்துப் பார்க்கலாம். கொட்டகையின் வாயிலோ சன்னலோ அத்திசையில் திறந்திருப்பின் பலன் கிட்டும், செலவு ஏதுமில்லை.

எதை வாங்குவதற்கும் முன்னர் அளந்து பார்த்தல் வேண்டும். இதனை ஆசிரியர்கள் ஒரு பாடமாகவே நடத்தலாம். கைப்பேசியில் வைஃபை அலையின் வலிமையைக் காட்டும் செயலி ஒன்றை நிறுவி, ஐந்தடிக்கு ஒருமுறை நின்று, மாணவர்களைக் கொண்டு அளவைக் குறிக்கச் செய்க. −60 என்பதும் −80 என்பதும் காகிதத்தில் சிறு வேறுபாடாகவே தோன்றும். உண்மையில் அந்த 20 டெசிபல் இறக்கம், திறன் நூறில் ஒரு பங்காகக் குறைந்ததைக் குறிக்கிறது. சுவருக்கு இப்புறமும் அப்புறமும் அளந்து பார்க்கும் மாணவன், கண்ணுக்குப் புலப்படாத அலை எங்கே தேய்கிறது என்பதைத் தானே கண்டறிவான். அவன் வரைந்த படமே, கேபிள் எங்கே செல்ல வேண்டும் என்பதையும் பெரியோர்க்குக் காட்டிவிடும்.