பரீட்சை ஜெர்மனும் பாஷை ஜெர்மனும்

இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சைக்கு ஜி.ஸி.எஸ்.இ. என்று பெயர். அதில் 9 முதல் 1 வரையில் தரம் போடுகிறார்கள். 9 என்பதுதான் உச்சம். 2025-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே வசிக்கும் என் தங்கையின் மகள் ஜெர்மன் பாஷையில் 7 வாங்கினாள். வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினார்களாம். செப்டம்பர் மாதக் கடைசியில் நான் அங்கே போய் இறங்கியபோது அந்தப் பாயசத்தின் ருசி அடியோடு மறைந்து போயிருந்தது.

"மாமா! நான் ஜெர்மனை விட்டுவிடப் போகிறேன்" என்றாள் குழந்தை. அவள் சேர்ந்திருந்தது ‘ஏ லெவல்’ என்னும் இரண்டு வருஷ மேல்படிப்பு. அதற்குப் பெரும்பாலும் மூன்று பாடங்கள்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கணிதம், ரசாயனம் இரண்டோடு மூன்றாவதாக இவள் ஜெர்மனை எடுத்திருந்தாள். வகுப்பில் மொத்தம் நாலே பேர். ஒருவர் நின்றுவிட்டால் வகுப்பைத் தொடர்ந்து நடத்துவது கடினம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். ஆகவே இவள் போனால் மற்ற மூவரின் படிப்பும் ஆட்டங்காணும். பாவம், அந்தப் பாரமும் சேர்ந்து அவளை அழுத்திக்கொண்டிருந்தது.

நாலு பேர்தானா என்று நேயர்கள் வியப்படையலாம். இங்கிலாந்தில் பதினான்கு வயதுக்கு மேல் அந்நிய பாஷை கட்டாயமில்லை என்று 2004-ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்தார்கள். அந்தக் காலத்தில் ஜி.ஸி.எஸ்.இ.யில் ஜெர்மன் எழுதியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இப்போது நாற்பதினாயிரத்தை எட்டுவதில்லை. ஏ லெவலிலோ சில ஆண்டுகளாக நாடு முழுவதிலும் சேர்த்தே மூவாயிரத்துக்கும் குறைவு!

7 வாங்கிய பெண்ணுக்கு மேல்வகுப்பில் என்ன கஷ்டம் வந்துவிடும்? நானும் வாலிபத்தில் சென்னை மாக்ஸ் முல்லர் பவனத்தில் இரண்டு வருஷம் இந்தப் பாஷையோடு மல்லுக்கட்டியவன். "உன் விடுமுறையைப் பற்றி ஜெர்மனில் சொல்லு, பார்க்கலாம்" என்றேன். மடை திறந்தது போல் பொழிந்தாள். கடற்கரை, ஹோட்டல், வானிலை, ஐஸ்கிரீம் எல்லாம் ஒழுங்காக வந்தன. "சரி, வேறு ஊருக்குப் போகாமல் அங்கே ஏன் போனீர்கள்?" என்று ஒரு குறுக்குக் கேள்வி போட்டேன். மடை அடைத்துக்கொண்டது. விடுமுறை, பள்ளிச் சீருடை, எதிர்கால லட்சியம் என்று பத்திப் பத்தியாக நெட்டுருப் போட்டு வைத்திருந்தாள். பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. மேல்வகுப்பில் ஒரு புத்தகத்தையும் ஒரு சினிமாவையும் பற்றி ஜெர்மனிலேயே கட்டுரை எழுத வேண்டும். தானே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து, வாய்மொழிப் பரீட்சையில் எதிரே இருப்பவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அந்த வாய்மொழிக்கு மட்டும் நூற்றுக்கு முப்பது பங்கு. நெட்டுரு அங்கே எப்படிக் கைகொடுக்கும்?

ஜெர்மன் கடினமான பாஷை என்று ஊரெல்லாம் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பெயர்ச்சொற்களுக்கு டெர், டீ, டாஸ் என்று மூன்று பால்கள் உண்டு. அதில் நியாயம் எதிர்பார்க்கக் கூடாது. ‘மேட்சென்’ என்றால் சிறு பெண். அவளை அஃறிணையில் தள்ளி ‘டாஸ்’ போட்டிருக்கிறார்கள்! (சிறுமையைக் குறிக்கும் ‘சென்’ விகுதி வந்தாலே அப்படித்தானாம்.) ‘உம்ஃபாரன்’ என்று ஒரு வினை இருக்கிறது. முதல் அசையை அழுத்தினால் ஓர் ஆளின் மீது வண்டியை மோதித் தள்ளுவது. இரண்டாவது அசையை அழுத்தினால் அவரைச் சுற்றிக்கொண்டு பத்திரமாகப் போவது. ஒரு மனிதனின் உயிர் ஓர் அசையில் இருக்கிறது!

ஆனால் வேற்றுமை என்றதும் ஆங்கிலப் பிள்ளைகள் நடுங்குகிறார்களே, அது நான்கேதான். எட்டு வேற்றுமை உள்ள வீட்டுப் பெண் அதற்கு அஞ்சலாமா? ‘வைல் இக் கெஸ்டர்ன் க்ராங்க் வார்’ என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், ‘ஏனென்றால் நான் நேற்று நோயாளியாக இருந்தேன்’ என்று வருகிறது. வினைமுற்று கடைசியில், நம் வீட்டுத் தமிழைப் போலவே! இதைக் காட்டியதும் அவள் முகத்தில் முதன்முதலாகச் சற்று வெளிச்சம் தெரிந்தது. "எங்கள் உபாத்தியாயினி இதைச் சொல்லவேயில்லையே?" என்றாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது என்பதை நினைவூட்டினேன்.

ஜூனில் பரீட்சை முடிந்து செப்டம்பரில் பள்ளி திறக்கும் வரையில் ஜெர்மன் புத்தகத்தை அவள் தொடவேயில்லை. என் அபிப்பிராயத்தில் எல்லா விபரீதமும் அந்தக் கோடையில்தான் விளைந்தது. அதற்காக இப்போது கோபித்து என்ன பயன்? டாய்ட்ச வெல்லே என்னும் ஜெர்மன் ஒலிபரப்பு ஸ்தாபனம் அன்றாடச் செய்திகளை மெதுவாக வாசித்து, எழுத்து வடிவத்தையும் இலவசமாகக் கொடுக்கிறது. தினம் ஒரே ஒரு செய்தியைக் காதால் கேட்டு எழுத வேண்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்த வேண்டும். புதிய பெயர்ச்சொல் எதையும் டெர், டீ, டாஸ் இல்லாமலும் பன்மை இல்லாமலும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றக் கூடாது. இவ்வளவுதான் நான் விதித்த பத்தியம்.

இதில் எதிர்பாராத கூட்டாளி ஒருவன் சேர்ந்தான். அவளுடைய தம்பிக்குப் பதினாலு வயது. 2024 செப்டம்பரில் கற்பிக்கத் தொடங்கிய புதிய பாடத்திட்டம் அவனுக்கு. அதில் சொல்வதைக் கேட்டு எழுதுதலும், உரக்க வாசித்தலும் பரீட்சையிலேயே சேர்ந்துவிட்டன. கற்க வேண்டிய சொற்களுக்கும் பட்டியல் உண்டு: கீழ்ப்படிக்கு 1,200, மேற்படிக்கு 1,700. பட்டியல் வறட்சியானதுதான், ஆனால் காதையும் நாக்கையும் பழக்குவது நல்ல மாறுதல் என்பேன். அக்காள் வாசிக்க, தம்பி எழுதினான். அவன் எழுத்தில் பிழை கண்டபோதெல்லாம் தன் உச்சரிப்பிலும் பிழை இருப்பதை இவள் கண்டுகொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘குட் பை, லெனின்!’ என்ற 2003-ஆம் ஆண்டு ஜெர்மன் படத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்த சமயத்தில் நினைவிழந்து கிடந்த தாய் பிழைத்து எழுகிறாள். அதிர்ச்சி தாங்க மாட்டாள் என்று, பழைய கிழக்கு ஜெர்மனி இன்னும் இருப்பதாகவே மகன் வீட்டுக்குள் நாடகமாடுகிறான். என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன் செய்தது சரியா, தவறா என்று அக்காளுக்கும் தம்பிக்கும் மூண்ட வாக்குவாதம் சாப்பாட்டு மேஜை வரையில் வந்தது. "இதை ஜெர்மனில் சொல்லிச் சண்டை போடுங்கள்" என்றேன். பாதி வாக்கியங்கள் நொண்டின. ஆனால் அவற்றில் ஒன்றும் நெட்டுரு இல்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு கடிதம் வந்தது. முதல் கட்டுரை முழுவதும் சிவப்பு மையாம். பாதி மதிப்பெண் கூட இல்லை. வகுப்பில் இன்னும் நாலு பேர்தான். ஆராய்ச்சிக்கு அவள் எடுத்திருக்கும் பொருள் சீகன்பால்கு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்ற ஜெர்மானியப் பாதிரியார். மணலில் எழுதியதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று என்னையே கேட்டிருக்கிறாள். மணலுக்கு ‘ஸாண்ட்’ என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது டெரா, டீயா, டாஸா என்பதுதான் மறந்துவிட்டது. அகராதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.