சட்டத்துக்குச் சிறிய கார், சந்தைக்கு எஸ்யூவி

இந்தியாவில் இன்று புதிதாகக் கார் வாங்கப் புறப்படும் நடுத்தரக் குடும்பம் 'நெக்ஸானா, பிரெஸ்ஸாவா, வென்யூவா, சோனெட்டா' என்றே கேட்கிறது. எஸ்யூவி எதற்கு என்று கேட்பதில்லை. விற்பனையாகும் பயணியர் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இப்போது எஸ்யூவிகளை உள்ளடக்கிய பயன்பாட்டு வாகன வகையைச் சேர்ந்தவை. குடும்பங்களின் தேவை பத்தாண்டுகளுக்குள் இவ்வளவு மாறிவிடவில்லை. மாறியது பெயரும், அந்தப் பெயருக்குக் கிடைத்த மதிப்பும்தான்.

மேற்சொன்ன நான்கு கார்களின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே எண்ணில் வந்து நிற்பது தற்செயல் அன்று. 2006ஆம் ஆண்டின் ஒன்றிய நிதிநிலை அறிக்கை, நீளம் 4 மீட்டருக்கும், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்கும் டீசல் என்றால் 1,500 சிசிக்கும் மிகாத கார்களைச் சிறிய கார்கள் என வகுத்து, அவற்றின் உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தது. அன்றுமுதல் கார்கள் வரிக்கோட்டுக்கு ஏற்ப வெட்டப்பட்டன. 2008இல் 4,160 மி.மீ. நீளத்தில் அறிமுகமான மாருதி டிசையர் 2012இல் 3,995 மி.மீ. ஆகச் சுருங்கியது, பின்புறச் சாமான் அறையே அதற்குப் பலியானது. பின்னர் இதே அளவுகோலில் 2013இல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 2016இல் விட்டாரா பிரெஸ்ஸா, 2017இல் நெக்ஸான் என வரிசை நீண்டது. 'காம்பாக்ட் எஸ்யூவி' என்னும் வகை குடும்பத்தின் தேவையை அளந்து பிறந்ததன்று. வரிச்சட்டத்தின் அச்சில் வார்க்கப்பட்டது.

இதைவிட வேடிக்கையானது சட்டத்தின் மொழி. 2017இல் ஜிஎஸ்டியுடன் வந்த இழப்பீட்டு மேல்வரி அறிவிக்கை, மக்கள் வழக்கில் எஸ்யூவி என அறியப்படும் வாகனங்கள் என்று எழுதியது. வழக்குச் சொல்லையே வரிக்கு அடிப்படையாக்கிய அந்தச் சட்டம், கூடவே ஒரு விளக்கத்தையும் சேர்த்தது: நீளம் 4 மீட்டரைத் தாண்ட வேண்டும், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எஸ்யூவி என்று சொல்லாமல் வேறு பெயர் சூட்டித் தப்பிக்க வழியிருந்ததால், 2023 ஜூலையில் ஜிஎஸ்டி மன்றம் பெயரைக் கைவிட்டு அளவுகளை மட்டும் பற்றிக்கொள்ளப் பரிந்துரைத்தது. ஆக, 4 மீட்டருக்கு உட்பட்ட வாகனம் சட்டத்தின் கண்ணில் எஸ்யூவியே அன்று. அங்கே எஸ்யூவி அல்லாததால் அதற்கு வரிச்சலுகை. விளம்பரத்தில் எஸ்யூவி என்பதால் அதற்கு விற்பனை. ஒரே பொருளுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர். இரண்டிலும் ஆதாயம் விற்பவருக்கு.

நன்னூல் படித்தவர்களுக்கு இது விளங்கும். காரணப்பெயராகத் தொடங்கிய எஸ்யூவி இன்று வெறும் இடுகுறிப்பெயர். மேற்சொன்ன நான்கும் முன்சக்கர இயக்கம் கொண்டவை. காட்டுப்பாதைக்கான நான்கு சக்கர இயக்கம் எதிலும் இல்லை. தார், ஜிம்னி போன்றவை விதிவிலக்கு. அவற்றைக் குடும்ப வாகனமாகக் கொள்வோர் சிலரே. மாருதியின் ஃபிராங்ஸும் பலேனோவும் ஒரே அடித்தளத்தில், ஒரே 2,520 மி.மீ. சக்கர இடைவெளியில் அமைந்தவை. நீள வேறுபாடு 5 மி.மீ. ஒன்று ஹேட்ச்பேக், மற்றொன்று எஸ்யூவியின் சாயல். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை வகுப்பறையில் விரித்துரைக்கும் பேராசிரியரும் காட்சியகத்தில் இந்தச் சாயலுக்குத் தலையாட்டுகிறார்.

குண்டும் குழியுமான சாலை, மழைநீர்த் தேக்கம், மூட்டுவலியுள்ள பெரியவர்கள் ஆகிய காரணங்களைச் சொல்பவர்கள் உண்டு. அவை மெய்யான தேவைகள். ஆனால் அவற்றுக்கான விடை பெயரில் இல்லை. தரை இடைவெளியை மில்லிமீட்டரில் கேட்க வேண்டும். இருக்கையின் உயரத்தைப் பாட்டியை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். வேகன்-ஆர் போன்ற உயரக் கூரை ஹேட்ச்பேக்கிலும் அவர் எளிதாக ஏறி இறங்கக்கூடும்.

அடுத்து, பாதுகாப்பு என்னும் வாதம். 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் நெக்ஸான். அது பெருமைதான். ஆனால் அந்த ஐந்தும் பெரியவர்களின் பாதுகாப்புக்கு; குழந்தைகளின் பாதுகாப்புக்கு அன்று கிடைத்தவை 3. 2024இல் நடந்த மறுசோதனையில்தான் அதுவும் 5 ஆயிற்று. குடும்ப வாகனம் என்று விற்கப்படும் ஒன்றில் இரண்டாவது எண்ணைக் கேட்காமல் வருவது எத்தகைய குடும்ப அக்கறை? 2024 நவம்பரில் டிசையர் செடான் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4 நட்சத்திரங்கள் பெற்றது. உடற்கூட்டின் வலிமை, காற்றுப்பைகள், இருக்கைப் பட்டை ஆகியவற்றின் வேலையை உயரமான தோற்றம் செய்யாது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையும் நிறுவனங்களுக்குக் கட்டாயமன்று என்பதால், கேட்கும் பொறுப்பு வாங்குபவருடையதே.

வண்டிக்கு வெளியே இருப்பவர்களுக்கோ எந்த நட்சத்திரமும் இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். 'சாலையை ஆளுங்கள்' என்ற தொனியில் விற்கப்படும் உயரமும் முரட்டு முகப்பும் யாரை ஆளப்போகின்றன என்பதை இந்த எண்களே சொல்லும்.

எத்தனை பேர் நாள்தோறும் செல்வார்கள், பின்னிருக்கையில் மூவருக்கும் மும்முனைப் பட்டை உண்டா, குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டா, வாங்க எண்ணும் விலைப்படியிலேயே ஆறு காற்றுப்பைகள் உண்டா, நகர நெரிசலில் எரிபொருள் எவ்வளவு கரையும்: இவைதாம் கேள்விகள். சன்ரூஃபும் தொடுதிரையும் இவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும். இத்தனைக்கும் விடை கண்ட பிறகு எஞ்சுவது காம்பாக்ட் எஸ்யூவிதான் என்றால் தாராளமாக வாங்கலாம். பெயரை முதலில் வாங்கிவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுவதற்குத் தேர்வு என்று பெயரில்லை.