ஒரு சொட்டு பெட்ரோலும் நம்ம ஒர்க்ஷாப் மார்க்கும்



தலைப்பைப் பார்த்ததும், "மலருக்குக் கட்டுரை கேட்டா இவன் பெட்ரோல் பங்க் கணக்கு எழுதறானே" என்று சிலர் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுச் சிரியுங்கள். நான் எழுதப்போவது பைக் டேங்க் பற்றி அல்ல. வீட்டு ஷெட்டில், சொந்தக் கையால் கட்டிய விமானத்தின் பெட்ரோல் டேங்க் பற்றி.

வீட்டில் விமானமா? ஆமாம். அமெரிக்காவில் இது நீண்ட நாள் பழக்கம். 1953-இல் பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அது பெரிய ஆலமரம். 1973-இல் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் 'ஆர்.வி.' வகை விமானங்கள் மட்டும் 10,000-க்கு மேல் பறந்திருக்கின்றன. கம்பெனி தகடும் பாகமும் வரைபடமும் அனுப்பும். டிரில் போடுவதும் ரிவிட் அடிப்பதும் வாங்கியவர் வேலை. பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தமாக, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 'கல்விக்காக' என்ற வார்த்தையை மட்டும் மனதில் அடிக்கோடு போட்டு வையுங்கள். பிறகு வருகிறேன்.

இந்த விமானங்களில் பெரும்பாலும் தனியாக டேங்க் கிடையாது. இறக்கையின் முன்பக்கமே டேங்க். அலுமினியத் தகட்டை மடித்து, ரிவிட் அடித்து, உள்ளே கறுப்பு சீலன்ட் பூசியிருப்பார்கள். விமானி உட்காரும் பக்கமுள்ள ஓரத் தகட்டில் ஒரு வட்ட ஓட்டை. அதில் 5 ஸ்க்ரூவில் நிற்கிறது, நம்ம ஆட்டோ எலெக்ட்ரீஷியன் 'டேங்க் யூனிட்' என்று சொல்கிற அதே சாமான். உள்ளே ஒரு மிதவை, ஒரு கம்பி, ஒரு ரெசிஸ்டென்ஸ். அமெரிக்க வகையில் டேங்க் காலியென்றால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். மீட்டர் முள் அதைப் பார்த்து ஆடும். அவ்வளவுதான் அதன் வேலை.

அந்த அற்பச் சாமான்தான் ஒழுகும். யூனிட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே கார்க் கேஸ்கட் வைப்பது பழைய வழக்கம். டேங்க் பல நாள் காலியாகக் கிடந்தால் கார்க் காய்ந்து சுருங்கும். பிறகு இறக்கை அடியில் ஒரு நீலக் கறை தெரியும். 100 லோ லெட் என்ற விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பதால் பெட்ரோல் காய்ந்த பிறகும் கறை நிற்கும்.

ஒரு சொட்டுதானே என்று விடலாமா? அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மனிதன் உட்காருகிறான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். வானத்தில் ஓரமாக நிறுத்தி இறங்க முடியாது.

சரி, நாமாக இருந்தால் என்ன செய்வோம்? உண்மையைச் சொல்லுங்கள். "இன்னும் ஒரு சுத்து இறுக்குடா!" என்போம். இங்கேதான் சூட்சுமம். அந்த யூனிட்டின் விளிம்பு மெல்லிய தகடு. ஸ்க்ரூவை இறுக்க இறுக்க, ஸ்க்ரூ இருக்கும் இடம் மட்டும் குழியும். இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் தகடு மேலே தூக்கிக்கொள்ளும். கேஸ்கட் பிதுங்கும். கசிவு கூடும். அதாவது நம் முதல் வைத்தியமே இரண்டாவது நோய்!

இன்னொரு வைத்தியமும் நமக்குத் தெரியும். லாரி டேங்க் ஒழுகினால் சோப்பைக் குழைத்து அப்புவார்கள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். சோப்பு டீசலில் கரையாது என்று படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறவன் புத்திசாலிதான். ஆனால் அது செட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும். செட்டுக்குப் போன பிறகும் சோப்பிலேயே வண்டி ஓடினால் அது புத்திசாலித்தனம் இல்லை, அலட்சியம்.

விவரம் தெரிந்த விமானக் கட்டுநர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் தேடுகிறார். கறை தெரியும் இடம்தான் ஓட்டை என்று நம்புவதில்லை. பெட்ரோல் தகட்டு மடிப்போடு ஓடி, வேறெங்கோ போய்ச் சொட்டும். எனவே எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி விட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் எது நனைகிறதோ அதுதான் குற்றவாளி. கேஸ்கட்டாக இருக்கலாம். ஸ்க்ரூ மரை வழியாக வரலாம், ஏனென்றால் ஸ்க்ரூ முனை டேங்குக்குள் நனைந்துகொண்டிருக்கிறது. ஒயர் மாட்டும் டெர்மினலைச் சுற்றியுள்ள இன்சுலேட்டர் வழியாகவும் வரலாம். அப்படியானால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் வீண், யூனிட்டையே மாற்ற வேண்டும். டேங்க் நிறைந்தபோது ஒழுகி, பாதிக்கு இறங்கியதும் நின்றுவிட்டால், ஓட்டை பாதிக்கு மேலே இருக்கிறது. நாம் பரீட்சைக்காக உருப்போடும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இங்கே துப்பறியும் வேலை செய்கிறது பாருங்கள்!

பிறகு ரிப்பேர். பேட்டரி ஒயரைக் கழற்றி, விமானத்துக்கு எர்த் கொடுத்து, திறந்த வெளியில் பெட்ரோலை வடிக்க வேண்டும். காலி செய்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பது பெரிய தப்பு. நிறைந்த டேங்கைவிட இப்போதுதான் வடித்த டேங்க் ஆபத்து. உள்ளே ஆவியும் காற்றும் சரிவிகிதத்தில் சேர இடம் கிடைத்துவிடுகிறது.

யூனிட்டைக் கழற்றி, பழைய பிசினை மரத்துண்டால் சுரண்ட வேண்டும். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், கீறல் அடுத்த கசிவுக்கு வாய்க்கால். வளைந்த விளிம்பைத் தட்டி நேராக்கி, சர்ஃபேஸ் பிளேட்டில் நீலம் தடவிப் பார்க்க வேண்டும். ஃபிட்டிங் ஷாப்பில் நாம் செய்வதேதான்! சால்வென்ட்டால் துடைக்கும்போது அது காய்வதற்குள் வேறு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் மறுபடி அங்கேயே படிந்துவிடும்.

அடுத்தது சீலன்ட். விமானத்துக்கான பாலிசல்ஃபைடு சீலன்ட் இரண்டு டப்பாவாக வரும். எடைக் கணக்கில் 10 பங்குக்கு 1 பங்கு. தராசு வேண்டும், குத்துமதிப்பு உதவாது. கடையில் சுலபமாகக் கிடைக்கும் சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோல் பட்டால் உப்பிப் பிய்ந்து வரும். டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் அதன் துணுக்கு ஃபில்டரில் போய் அடைக்கும். கேஸ்கட்டே வேண்டாம், சீலன்ட் மட்டும் போதும் என்போர் அங்கே உண்டு. பிறகு கழற்றுவது பெரும்பாடு, ரப்பர் கேஸ்கட்டே மேல் என்போரும் உண்டு. என் ஓட்டு சீலன்ட்டுக்கே. கழற்றுவது கஷ்டம் என்பது ஷெட்டில் படும் கஷ்டம், ஒழுகுவது ஆகாயத்தில் படும் கஷ்டம். மரைக்கும் ஸ்க்ரூ தலைக்கு அடியிலும்கூடப் பூச வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சீலன்ட் மின்சாரத்தைக் கடத்தாது. யூனிட்டுக்கு எர்த் கிடைப்பதோ டேங்க் உடம்பு வழியாக. அழகாகச் சீல் செய்தவன் எர்த்தையும் சேர்த்து அறுத்துவிடுவான்! எர்த் கெட்டால் ரெசிஸ்டென்ஸ் கூடும். 240-33 வகையில் முள் 'காலி' பக்கம் சாயும், அது பிழைத்தோம். ஆனால் காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம் என்று தலைகீழாக வரும் வகையும் இருக்கிறது. அதில் அதே கோளாறு, இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும்! ஆகவே ஒரு ஸ்க்ரூவுக்கு அடியிலாவது உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். மாட்டி முடித்ததும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

சீலன்ட் இறுகக் குளிர்காலத்தில் நாள்கணக்காகும். அது வரைக்கும் பொறுமை. அதன்பிறகு வருகிறது என் கட்டுரையின் உயிர்நாடி: சோதனை.

எல்லாத் துளையையும் அடைத்து, டேங்குக்குள் மெல்லக் காற்று ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறார்கள். எவ்வளவு காற்று? சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு இருந்தாலே அதிகம். இவ்வளவுதானா என்று அலட்சியமாகக் கேட்காதீர்கள். ஒரு சதுர அடித் தகட்டில் அது 144 பவுண்டு, அதாவது சுமார் 65 கிலோ. நம்ம வகுப்பில் ஒருத்தன் ஏறி நின்ற மாதிரி! கம்ப்ரஸரை நேரே வைத்தால் டேங்க் உப்பிப் பாழாகும். அதனால் ஒரு துளையில் குழந்தைகள் ஊதும் பலூனை மாட்டுகிறார்கள். அழுத்தம் மீறினால் பலூன் வெடிக்கும், டேங்க் பிழைக்கும். துல்லியம் வேண்டுவோர் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி மானோமீட்டர் செய்துகொள்கிறார்கள். 1 பவுண்டுக்குச் சுமார் 70 செ.மீ. நீர்மட்ட வித்தியாசம். ராத்திரி பலூன் சுருங்கினால் ஓட்டை என்று பதறவும் கூடாது, காலை வெயிலில் உப்பினால் சந்தோஷப்படவும் கூடாது. அது வெப்பநிலையின் விளையாட்டு. கடைசியில் நம்ப வேண்டியது குமிழியைத்தான்.

இத்தனை பாடும் எதற்காக? அந்த ஐந்து ஸ்க்ரூவை அப்பழுக்கில்லாமல் போடச் சொல்லி மார்க் போட யாரும் இல்லை. ஆனால் போட்டவனே அதன் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கப் போகிறான். பெரும்பாலும் முதல் 25 முதல் 40 மணி நேரம் பயணி இல்லாமல், ஒதுக்கிய பகுதிக்குள் மட்டுமே பறந்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. தன் வேலைக்குத் தானே ஜாமீன்!

இப்போது நம்ம ஒர்க்ஷாப்புக்கு வாருங்கள். முதல் வருஷம் ஷீட் மெட்டலில் புனல் செய்தோம், ட்ரே செய்தோம். விளிம்பு மடிப்பு பார்த்தார்கள், அளவு பார்த்தார்கள், சால்டர் பளபளப்பு பார்த்தார்கள். கையெழுத்தும் ஆயிற்று. ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்தவர் யாராவது உண்டா? புனல் என்ற பெயரே தண்ணீருக்காகத்தானே! வெல்டிங்கில் மூட்டின் அழகுக்கு மார்க் உண்டு. அதை வைஸில் மாட்டி வளைத்து, பிளக்கிறதா என்று பார்ப்பதுண்டா?

இது ஆசிரியர்கள் மேல் புகார் அல்ல. பேட்சில் இத்தனை பேர், பீரியட் இவ்வளவுதான், மெட்டீரியலும் அளவோடுதான். அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனால் தண்ணீருக்கு பட்ஜெட் வேண்டாமே! ஒருவன் செய்த ஜாபை இன்னொருவன் சோதிக்கட்டும். ட்ரேயில் 10 நிமிஷம் தண்ணீர் நிற்கட்டும். ரெக்கார்டு நோட்டில் 'முடிவு' என்ற தலைப்புக்கு மேலே 'எப்படிச் சோதித்தேன்?' என்று ஒரு வரி சேரட்டும். ஒழுகினால் மார்க் குறைக்க வேண்டாம், ஏன் ஒழுகியது என்று எழுதினால் மார்க் கொடுங்கள். நம் மாணவர் பேரவை இதைத் துறைத் தலைவர்களிடம் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

அமெரிக்கச் சட்டத்தில் 'கல்விக்காக' என்று ஒரு வார்த்தை இருப்பதைச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? செய்து பார்ப்பது பாதிக் கல்வி. செய்தது நிற்கிறதா என்று பார்ப்பதுதான் மீதி. நாளை நம்மில் ஒருவன் பஸ்ஸின் பிரேக்குக்குக் கையெழுத்திடுவான், ஒருவன் பாய்லருக்கு, ஒருவன் லிஃப்ட்டுக்கு. அதில் போகிறவர்கள் நம் அப்பா அம்மாவாகவும் இருக்கலாம். அன்றைக்குப் பளபளப்பு காப்பாற்றாது நண்பர்களே, சோதனைதான் காப்பாற்றும்.

சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை