'குடும்பக் கட்டுப்பாடு' யாருடைய கட்டுப்பாடு?

'குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்றா?' என்னும் வினா தமிழ்ப் பேச்சுவழக்கில் பெரும்பாலும் ஒரு பெண்ணை நோக்கியே எழுகிறது. மாத்திரையோ ஆணுறையோ வாசக்டமியோ அங்கே பொருளல்ல; பெண்ணுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சை ஒன்றே பொருள். ஒரு கொள்கையின் பெயர் ஓர் அறுவை சிகிச்சையின் பெயராகச் சுருங்கியதை வெறும் சொற்பொருள் மாற்றமாகக் கொள்ள இயலாது. அச்சுருக்கம் நாட்டின் புள்ளிவிவரங்களிலும் இருக்கிறது.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 2.0. மக்கள்தொகை நிலைபெறுவதற்கான 2.1க்கும் கீழே இறங்கிய இவ்வெண் பெரும் வெற்றியாகப் போற்றப்பட்டது. அதே ஆய்வில், 15–49 வயதுடைய மணமான பெண்களுள் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் 37.9 விழுக்காடு. கணவரின் அறுவை சிகிச்சையை நம்பியிருந்தோர் 0.3 விழுக்காடு மட்டுமே.

பெண்கல்வி வளரும், திருமண வயது உயரும், பிறப்பு குறையும் என்பது பாடநூல்கள் தரும் வரிசை. கேரளம் அதற்குப் பொருந்துகிறது. அங்கே விகிதம் 1.8, 20–24 வயதுப் பெண்களுள் 18 வயதுக்குமுன் மணமானோர் 6.3 விழுக்காடு. ஆந்திரத்தின் விகிதமோ அதனினும் குறைவாக 1.7. ஆனால் அங்கே 18 வயதுக்குமுன் மணமானோர் 29.3 விழுக்காடு, அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு. இளமையில் மணம், அடுத்தடுத்து மகப்பேறு, உடனே அறுவை சிகிச்சை என்ற வழியிலும் குறைந்த விகிதத்தை எட்டலாம். எப்போது மணப்பது, எப்போது பெறுவது என ஒருமுறைகூடத் தானே முடிவு செய்யாத பெண்ணும் இந்த 'வெற்றி'யில் ஓர் எண்ணாகிறாள்.

இப்பாரம் இயல்பாக அமைந்ததன்று. நெருக்கடி நிலையின்போது, 1976–77இல், சுமார் 80 இலட்சம் அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றுள் நான்கில் மூன்று பங்கு ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. கட்டாயத்தின் சினம் 1977 தேர்தலில் வெளிப்பட்டது. அதன்பின் திட்டத்தின் பெயர் 'குடும்ப நலம்' ஆயிற்று. இலக்கு ஆண்களை விட்டுப் பெண்களிடம் நகர்ந்தது. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அங்கு நடந்த முகாம்களை அடுத்துப் பெண்கள் பலர் உயிரிழந்தனர். இத்தகைய முகாம்களைக் கைவிடுமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

பெண்களே இம்முறையை விரும்புகிறார்கள் என்னும் வாதம் உண்டு. பிள்ளைப்பேற்றின் அச்சத்திலிருந்து விடுபட்டதாகப் பலர் உணர்வதும் உண்மை. ஆயினும் கருத்தடை பெண்களின் வேலை என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஆண்கள் அதே ஆய்வில் ஒப்புக்கொண்ட நாட்டில், அவ்விருப்பம் எத்தனை வழிகளிலிருந்து தேர்ந்தது என்று கேட்டாக வேண்டும். வாசக்டமி எளியது, இடர் குறைந்தது. எனினும் அது வீட்டில் பேசப்படுவதே அரிது.

ஆகவே, கருவுறுதல் விகிதத்தை மேற்கோள் காட்டும் ஒவ்வோர் ஆய்வேடும் அதன் அருகிலேயே திருமண வயதையும், ஆணும் பெண்ணும் எம்முறைகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் எழுதட்டும். பிறப்பு குறைந்தது என்பது செய்தி; யாருடைய முடிவால் குறைந்தது என்பதே ஆய்வு.