கண்மணி இடம் மாறும்போது

கண் நோய் என்றதும் நம்மவர்கள் சொல்வது வெள்ளெழுத்து, கண்புரை, நீரிழிவினால் வரும் பார்வைக் குறைவு ஆகிய மூன்றையும்தான். கதிராளி படிப்படியாகச் சிதைந்துபோகும் நோயைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது அரியது என்பது ஒரு காரணம். அதை விளக்கும் தமிழ்ச் சொற்கள் நம்மிடையே குழம்பிக் கிடப்பது மற்றொரு காரணம் என்பது என் கருத்து.

இலங்கைப் பாடநூல்களில், கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல இருப்பது விழிவெண்படலம். அதன் பின்னே நிறத்தோடு தெரியும் திரை கதிராளி. நடுவிலுள்ள துவாரம் கண்மணி. தமிழகத்திலோ கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை என்றால் விழிவெண்படலத்தை மாற்றுவது. ஆதார் அட்டைக்குக் கருவிழிப் பதிவு என்றால் கதிராளியைப் படம் பிடிப்பது. ஒரே சொல்லுக்கு இரண்டு உறுப்புகள். ‘உங்கள் கருவிழியில் கோளாறு’ என்று ஒரு நோயாளியிடம் சொன்னால் அவர் எதை விளங்கிக்கொள்வார்?

இந்த நோயில் அந்தக் குழப்பம் இன்னும் ஆபத்தானது. ஏனெனில், சிதைவது கதிராளி. தவறு தொடங்குவதோ விழிவெண்படலத்தின் உட்புற உயிரணுக்களில். அவை இயல்பு மாறி, மெல்லிய சவ்வாகப் படர்ந்து கதிராளியின்மேல் ஏறுகின்றன. பின்னர் அச்சவ்வு சுருங்கும். சுருங்கும் பக்கமாகக் கண்மணி இழுபட்டுக் கோணலாகிறது. எதிர்ப்பக்கத்தில் கதிராளி மெலிந்து ஓட்டைகள் விழுகின்றன. இதற்கு முதன்மை விளக்கமாக இன்றுள்ள இந்தச் சவ்வுக் கொள்கை 1978இல் முன்வைக்கப்பட்டது. தூண்டுதல் எது என்பது உறுதியாகவில்லை. ஹெர்பீஸ் வைரஸின் மீது சந்தேகம் உண்டு.

பெரும்பாலும் இது ஒரு கண்ணில் மட்டுமே வரும். இளம் மற்றும் நடுவயதுப் பெண்களிடமே அதிகம். பொதுவாகப் பரம்பரையாகத் தொடர்வதில்லை. எனவே ‘எந்தக் குடும்பத்து வியாதி’ என்று பெண் வீட்டாரைத் துருவும் நமது வழக்கத்துக்கு இங்கே வேலையில்லை.

கண்மணி கோணலானது அழகுப் பிரச்சினை மட்டுமே என்று எண்ணி விட்டுவிடுவதுதான் பெருந்தவறு. அதே சவ்வு, கண்ணுள் சுரக்கும் நீர் வெளியேறும் மூலையையும் அடைத்துவிடுகிறது. அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு அழிகிறது. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தக் கண்ணழுத்த நோய் வருகிறது. அழிந்த நரம்பு மீளாது. மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் நோயாளிக்கே இழப்பு விளங்குவதில்லை. காலையில் மங்கலாகத் தெரிந்து நேரம் செல்லச் செல்லத் தெளிவது, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது ஆகியவை எச்சரிக்கைகள். எழுத்துப் பலகையை வாசிக்கவைத்துக் கண்ணாடி கொடுக்கும் பரிசோதனை இதற்குப் போதாது; கண்ணழுத்தத்தையும் அளக்கவேண்டும். சொட்டு மருந்து, அது போதாவிடின் அறுவை, விழிவெண்படலம் வீங்கிப் பழுதானால் அதன் மாற்று என்று வழிகள் உண்டு. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தால் உலகறிந்த நாடு இது. ஆனால் தானக் கண்ணால் விழிவெண்படலத்தைத்தான் மாற்றலாம், இழந்த நரம்பை அல்ல.

மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் விளக்குவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், கலைச்சொற்களை ஆக்கினார், நூல்களைப் பெயர்த்தார். அதே குடாநாட்டில் இன்று நோயாளி கையில் கிடைப்பது ஆங்கிலத்தில் எழுதிய துண்டு. வைத்தியர்கள் போதிய நேரமின்றி உழைக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆயினும் நோயின் பெயர், அது செல்லும் பாதை, அடுத்து வரவேண்டிய நாள் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுக்க ஒரு தாள் போதும். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் உள்ள தமிழ் வைத்தியர்கள் கூடிப் பொதுச் சொற்பட்டியல் ஒன்றை முடிவுசெய்வதும் இயலாத காரியமன்று.

வாசகர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. வீட்டில் எவருக்கேனும் கண்மணி வட்டம் கோணலாகத் தெரிந்தால் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் கண்ணாடிக் கடைக்கல்ல, கண் வைத்திய நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள்.